கூந்தலுக்குள் கந்தகம்

விழுப்புரத்தில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அழகு நிலையத்தில் ஆரோக்கியசெல்வியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியம்மா புனிதா அவளுக்கு வைத்த பெயர் எலக்ட்ரான். "ஏ எலக்ட்ரான், துண்டு எடுத்தா." "எலக்ட்ரான், கீழ போய் நாலு டீ சொல்லிட்டு வா, ஜல்தி." மற்ற பெண்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். வாடிக்கைக்கு வருகிற பெண்கள் என்ன இது பேர் என்று கேட்டால் புனிதா சிரித்துச் சிரித்துச் சொல்வாள்: "அது படிச்ச புள்ளமா. கெமிஸ்ட்ரி. புருவம் எடுக்க வந்துருக்குது."

செல்விக்கு ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். அப்பா பிரான்சிஸ் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கினார். அம்மா அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தாள். வீட்டில் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் செல்விதான். திண்டிவனத்தில் வேதியியல் எடுத்துச் சேர்ந்தாள். ஆசைப்பட்டு எடுத்ததில்லை, அதில்தான் இடம் கிடைத்தது. முதல் வருஷம் முழுக்க வகுப்பில் நடப்பது எதுவும் மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் வருஷம் ஒருநாள் சகப்பிணைப்பு நடத்தினார்கள். அன்றைக்கு மட்டும் ஏதோ திறந்துகொண்டது.

குளோரின் அணுவுக்கு வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். எட்டு இருந்தால்தான் அதற்கு நிலை. பக்கத்தில் நிற்கும் இன்னொரு குளோரினுக்கும் அதே ஒன்றுதான் குறை. ஒன்றிடமிருந்து மற்றொன்று பிடுங்க முடியாது, இரண்டுக்கும் இழுக்கும் பலம் ஒரே அளவு. அதனால் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானை நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொள்கின்றன. நடுவில் இருக்கிற அந்த இரண்டும் இரண்டு பேருக்கும் சொந்தம். பிரிந்தால் இரண்டுமே பழையபடி குறையோடு நிற்க வேண்டும் என்பதால் லேசில் பிரியமாட்டா. செல்வி அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இரண்டு மைல் நடந்து திரும்பினாள்.

பட்டம் வாங்கியாயிற்று. பி.எட். படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தபோது மண்டியில் மூட்டை சரிந்து பிரான்சிஸின் முதுகு போயிற்று. ஊரில் மகளிர் குழுவுக்கு மூன்று மாத அழகுக்கலைப் பயிற்சி இலவசமாக நடந்தது. அதில் சேர்ந்து, முடித்த கையோடு விழுப்புரம் வந்து புனிதாவிடம் வேலைக்கு நின்றாள்.

எலக்ட்ரான் என்ற பெயர் வந்தது அந்த முதல் மாதத்தில். சுருட்டை முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் கிரீமின் டப்பாவைத் திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். தயோ என்று தொடங்கியது மருந்தின் பெயர். தயோ என்று வந்தால் அதில் கந்தகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த அழுகிய முட்டை நாற்றமும் அதனால்தான். பழைய புத்தகத்தை எடுத்துவந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினாள்.

முடி ஒரு புரதம். நீள நீளமான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சங்கிலியில் அங்கங்கே ஒரு கந்தக அணு. அதற்கு வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான், இரண்டு குறைகிறது. ஒன்றைத் தன் சங்கிலியிலேயே இருக்கிற கார்பன் அணுவோடு பகிர்ந்து சரிக்கட்டிக்கொள்ளும். இன்னொன்றுக்கு எதிர்ச் சங்கிலியில் இருக்கும் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆயிரமாயிரம் இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் சுருட்டை முடியை எத்தனை தடவை வாரினாலும் மறுபடி சுருண்டுகொள்கிறது. கிரீம் உள்ளே போய் ஒவ்வொரு கந்தகத்துக்கும் ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கும். ஹைட்ரஜன் கிடைத்தபின் எதிராளி தேவையில்லை. பிடி விட்டுவிடும், முடி துவண்டுபோகும். அப்போது கழுவிக் காயவைத்து, ஸ்ட்ரெய்ட்னர் என்ற சூட்டுப் பட்டையால் இழுத்து நேராக்கி, மேலே நியூட்ரலைசரைப் பூச வேண்டும். அது பெராக்சைடு. கொடுத்த ஹைட்ரஜனைத் திரும்பப் பிடுங்கிவிடும். தனியாக நிற்கிற கந்தகம் இப்போது யார் எதிரே இருக்கிறார்களோ அவர்களோடு புதிதாகச் சேர்ந்துகொள்ளும். முடி நேராகவே நின்றுவிடும்.

இதை அவள் சந்தோஷம் தாங்காமல் புனிதாவிடம் போய்ச் சொன்னாள். புனிதா வாயில் இருந்த சோற்றை மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்: "எலக்ட்ரான் போய்தான் தலை வாருதா? அப்ப நீ எதுக்குடி?"

ஆனாலும் புனிதா கெட்டிக்காரி. செல்வி கைவைத்த தலைகளில் முடி உடையவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள். மற்ற பெண்கள் கிரீமைப் பூசிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செல்வி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு முடியை எடுத்து இழுத்துப் பார்த்து, சரியான நேரத்தில் கழுவுவாள். இரண்டு வருஷத்தில் செஞ்சி, வல்லம், மயிலம் என்று நாலா பக்கத்திலிருந்தும் கல்யாணப் பெண்கள் ஸ்மூத்தனிங்குக்கு அந்த மாடிக்கு வர ஆரம்பித்தார்கள். புனிதாவின் கை ராசியான கை என்று பேராயிற்று.

போன வருஷம் வைகாசியில், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வல்லம் பக்கத்திலிருந்து ஒரு காரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கல்யாணப் பெண் சங்கவி, அவள் அம்மா பொன்னி, மாப்பிள்ளையின் அக்கா வேணி. சொந்த நிலம், கிணறு, டிராக்டர் என்று வசதியான குடும்பம் அது. சங்கவிக்கு இடுப்புவரை அடர்த்தியான சுருட்டை முடி. பெண் பார்க்க வந்த அன்றே வேணிக்கு அது பிடிக்கவில்லை. நேராக்கிவிட்டுத்தான் மேடையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தாள். சொன்னது நடக்கிறதா என்று பார்க்கக் கூடவே வந்திருந்தாள்.

செல்வி சிக்கெடுக்க ஆரம்பித்தாள். பொன்னி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு நீ?"

செல்வி ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"ஊருல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செல்வி சீப்பை நிறுத்தாமல், "சர்ச்சுக்குப் பக்கம்மா" என்றாள்.

பொன்னி அவளை விட்டுவிட்டுப் புனிதாவைப் பார்த்துத் திரும்பினாள். "கல்யாணப் பொண்ணு தலையத் தொடறவங்க யாரு என்னான்னு பாத்து வெக்க மாட்டீங்களா? எங்க வூட்டுல வாசல்லியே நிக்கறவங்க."

"அத சும்மா எடுபிடி வேலைக்கு வெச்சிருக்கேன்மா. பினிஷிங் எல்லாம் நான்தான்" என்றாள் புனிதா, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. வேணி போனிலிருந்து நிமிர்ந்து செல்வியின் விரல்களை ஒரு பார்வை பார்த்தாள். "மொதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவினு வரச் சொல்லுங்க."

செல்வி போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். சங்கவியின் காது மடலுக்குப் பின்னால் முடியை விலக்கியபோது தோலில் கருநீலமாகக் கறை தெரிந்தது. அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

"டை ஏதாவது போட்டு இருக்கீங்களாம்மா? கறுப்பு மருதாணி மாதிரி?"

பொன்னியின் முகம் மாறியது. கண் ஒரு நொடி வேணியிடம் போய்த் திரும்பியது. "இருவத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு எதுக்குடி டை? நரைச்சா கெடக்குது? வாய அளந்து பேசு."

சங்கவி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைகளில் பாக்கெட்டில் விற்கிற உடனடிக் கறுப்பு மருதாணி சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அது முடிமேல் படிந்துகொண்டே வரும். அந்த முடியில் பெராக்சைடு பட்டால் உலோகம் அதைத் தாறுமாறாகச் சிதைக்கும், கொதிக்கும். கந்தகங்கள் மறுபடி சேர்வதற்குள் முடியே போய்விடும். செல்வி பிடரிக்குக் கீழிருந்து நாலு முடியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பிளாஸ்டிக் கோப்பையில் பெராக்சைடு ஊற்றி, இரண்டு சொட்டு அம்மோனியா விட்டு, முடியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் குமிழி குமிழியாக வந்தது. கோப்பையைத் தொட்டால் சூடு. குச்சியால் கிளறியபோது முடி கஞ்சியில் ஊறிய நூல்போல் பிய்ந்தது.

புனிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "மேடம், டை போட்ட தலை. நியூட்ரலைசர் பட்டா அவ்ளோதான். திருப்பி அனுப்பிடலாம்."

புனிதா கோப்பையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். "காருல வந்தவங்களத் திருப்பி அனுப்பறதா? மேக்கப், பூ, மருதாணி எல்லாம் நம்மகிட்ட சொல்லிருக்குறாங்க. போட்டு இருந்தா அவங்களே சொல்லி இருப்பாங்க இல்ல? உன் எலக்ட்ரானையெல்லாம் உங்க ஊட்டாண்ட வெச்சிக்க. போய்க் கிரீம் போடு."

தலை அலசும் தொட்டி ஒரு மரத் தட்டிக்குப் பின்னால் இருந்தது. சங்கவியை அங்கே கூட்டிப் போய் மல்லாக்கச் சாய்த்தபோது மற்றவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. சங்கவி தண்ணீர் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அம்மா போடுவாங்கக்கா. மாசா மாசம். எனுக்கு ஸ்கூல் படிக்கும்போதே நரை. வேணி அண்ணிக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும். ஒண்ணும் ஆவாதுல்ல?"

செல்வி அந்த முகத்தை மேலிருந்து தலைகீழாகப் பார்த்தாள். கண்ணை மூடி, கழுத்தைத் தொட்டி விளிம்பில் கொடுத்துப் படுத்திருந்தாள் அந்தப் பெண். அவளை எழுப்பி உட்கார வைத்து, துண்டால் தலையைச் சுற்றி, இது முடியாது என்று வெளியே வந்து சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், வேறொன்றும் இல்லை. ஆனால் செல்வியின் காதில் 'ஊருல எந்தப் பக்கம்' என்ற கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னியின் பொய் வேணி கண்முன்னால் வெடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் முடி கொட்டும், அம்மாக்காரி எல்லோர் முன்னாலும் தலைகுனிவாள். அதை மட்டும்தான் நினைத்தாள். கையில் இருக்கும் தலை யாருடையது என்பது அந்த நேரத்தில் அவள் நினைப்பில் இல்லை.

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள்.

கிரீம் பூசி, நேரம் பார்த்து, கழுவினாள். முடி பச்சை கலந்த கறுப்பாக மாறியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. காயவைத்து, பட்டை பட்டையாகப் பிரித்துச் சூட்டுப் பட்டையில் இழுத்தாள். ஒன்றரை மணி நேரம் போல ஆயிற்று. முடி கண்ணாடிபோல் நேராக இறங்கியபோது வேணியே எழுந்துவந்து தொட்டுப் பார்த்து, "பரவால்ல, இப்பதான் பொண்ணு மாதிரி இருக்குது" என்றாள். பொன்னி சிரித்தாள். செல்வி நியூட்ரலைசர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். இப்போதும் நிறுத்தலாம். "இன்னாடி வேடிக்க பாக்கற?" என்றாள் புனிதா. செல்வி உச்சியிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள்.

முதலில் சங்கவி தலையை ஆட்டினாள். பிறகு, "எரியுதுக்கா" என்றாள். பிறகு அலறினாள். முடியிலிருந்து நிஜமாகவே ஆவி வந்தது. செல்வி பாட்டிலைப் போட்டுவிட்டு அவளைத் தொட்டிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பட்டதும் முடி கொத்துக் கொத்தாக அவள் விரல்களோடு வந்தது. எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் வந்தது. தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறியது. உச்சியில் ஒரு கையகலத்துக்குத் தோல் வெந்து சிவந்திருந்தது. சங்கவி தன் தலையில் கைவைத்துப் பார்த்தாள்.

பொன்னி செல்வியை அடித்த அடியில் தட்டி சாய்ந்தது. "நான் அப்பவே வேணாம்னு சொன்னேம்மா, இவதான் தெரியும் தெரியும்னு செஞ்சிட்டா" என்று புனிதா கத்தினாள். வேணி போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். செல்வி அடி வாங்கிக்கொண்டே சொன்னாள்: "டை போட்ட தலை. நான் கேட்டேன். நீங்க இல்லன்னு சொன்னீங்க."

அவள் நினைத்தது நடந்துவிட்டது. வேணி போனைத் தாழ்த்திப் பொன்னியைப் பார்த்தாள். "டையா?"

பொன்னி மேசைமேல் இருந்த கத்தரியை எடுத்தாள். புனிதா போய் வாசல் கதவைத் தாழிட்டாள். கடையில் வேலை செய்யும் மற்ற இரண்டு பெண்களும் செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். பொன்னி செல்வியின் ஜடையை ஒரு கையில் சுற்றிப் பிடித்து, அடியோடு ஒட்டக் கத்தரித்தாள். அப்படியும் ஆத்திரம் தீராமல் அங்கங்கே மேய்ந்தாள். காதில் வெட்டு விழுந்தது. வேணி மறுபடி போனை உயர்த்தியிருந்தாள். செல்வி திமிறவில்லை. தட்டி சாய்ந்துவிட்டதால் தொட்டியோரம் உட்கார்ந்திருந்த சங்கவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு விக் வரவழைத்து, மேலே பூவைச் சுற்றி மறைத்து மேடையில் உட்கார வைத்தார்கள். டை விஷயம் வெளியே வரக்கூடாது என்பதால் பொன்னி போலீஸுக்குப் போகவில்லை. வேணி எடுத்த படத்தில் செல்வியின் பகுதியை மட்டும் யாரோ வெட்டி வாட்ஸப் குரூப்புகளில் போட்டுவிட்டார்கள், கல்யாணப் பெண்ணை மொட்டையாக்கினவள் என்று. அது திண்டிவனம் வரைக்கும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தவளைப் பார்த்து பிரான்சிஸ் படுக்கையிலிருந்தே, "காதுல இன்னா ரத்தம்?" என்று கேட்டார். முடியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதற்கு முன்பே படத்தைப் பார்த்திருந்தார்.

நாலைந்து மாதம் அவளுக்கு எங்கேயும் வேலை இல்லை. டியூஷன் எடுக்கலாம் என்று இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தன.

ஐப்பசியில் புனிதா போன் செய்தாள். மற்ற பெண்கள் ஸ்மூத்தனிங் செய்து மூன்று தலைகள் கெட்டுவிட்டிருந்தன. "நடந்தது நடந்துபோச்சி, எலக்ட்ரான். திரும்பி வந்துடு. ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாது, பாத்துக்க." செல்வி போனாள். உள்ளறைக்கு முன்னால் கனமான திரை ஒன்று போட்டிருந்தார்கள். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. வாடிக்கைக்காரி கண்ணை மூடிப் படுத்தபின்தான் அவள் வர வேண்டும், எழுவதற்குள் போய்விட வேண்டும். திரைக்கு வெளியே புனிதா பேசுவது உள்ளே கேட்கும்: "உங்க முடிக்குள்ள ரெண்டு சல்பர் கை கோத்துக்கினு நிக்குது மேடம். நம்ம அதைப் பதமாப் பிரிச்சி திருப்பிச் சேக்கறோம். அதெல்லாம் படிச்சிட்டுச் செய்யணும். எல்லாருக்கும் வராது." கேட்டவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் மாசியில் ஒரு காலை, செல்வி திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறியபோது, எதிர்ச் சீட்டில் தலையில் முந்தானையை இறுக்கிப் போட்டபடி சங்கவி உட்கார்ந்திருந்தாள். வயிறு ஆறேழு மாதம்போல் இருந்தது. செல்வி இறங்கிவிடப் பார்த்தாள். அதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது. மாஸ்க் போட்டிருந்தும் சங்கவிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"எப்படி இருக்கீங்கக்கா?" என்று அவள்தான் முதலில் பேசினாள். செல்வி தலையை அசைத்தாள்.

"எனுக்கு முடி வந்துருக்குது. உச்சியில மட்டும் வர்ல. வெந்த எடம். ஊட்டுல எல்லாரும் மொட்டைன்னுதான் கூப்பிடறாங்க. அவரும்தான். பேரே மறந்துட்ச்சி." அவள் குறையாகச் சொல்லவில்லை, ஊர் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு கொஞ்சம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "இப்படி ஆவும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

செல்விக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியும்."

"எங்கம்மா பொய் சொன்னாங்க. எனுக்காக சொன்னாங்க. நீங்க எதுக்குக்கா சொன்னீங்க?"

"உங்கம்மா என்னெக் கேட்டது ஞாபகம் இருக்குதா? எந்தப் பக்கம்னு?"

"இருக்குது. நான் கேட்டுக்கினுதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த சொல்லல." சங்கவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அதுக்கு என் தலையாக்கா?"

ஆட்டோ பஸ் நிலையத்து முனையில் நின்றது. சங்கவி கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் கைகொடுத்தாள். செல்வியும் கையை நீட்டினாள். சங்கவி அதைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

செல்வி இறங்க வேண்டிய இடமும் அதுதான். ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்டபின்தான் இறங்கினாள். மாடி ஏறும்போதே புனிதாவின் சத்தம் கேட்டது. செஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்து அரை மணி நேரமாகக் காத்திருக்கிறாளாம். செல்வி பின்பக்கமாக உள்ளே போய்த் தொப்பியை மாட்டி, கையுறையைப் போட்டுக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பெண் கண்ணை மூடுவதற்குக் காத்திருந்தாள்.